பங்களா ரோசாவின் பெயர்

முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய ரோசாச் செடியை நான் மூன்று வருடம் வளர்த்தேன். வாங்கிய அன்று அதில் ஒரு பூ இருந்தது. நல்ல ரோஸ் நிறம். கிட்டக் கொண்டுபோனால் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி வாசம். வீட்டுக்கு வந்து ஆறேழு மாதத்தில் அந்தப் பூத்த கிளை நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்தது. அதே நேரம் மண்ணை ஒட்டி இரண்டு கிளை பச்சைப் பசேலென்று கிளம்பியது. செடி பிழைத்துக்கொண்டது என்று சந்தோசப்பட்டு, மாட்டெரு போட்டு, கம்பு நட்டுக் கட்டிவிட்டேன். ஆளுயரத்துக்கு வளர்ந்தது. மூன்றாம் வருடம் பூத்தபோது பார்த்தால் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, ஐந்தே இதழ், ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க் குற்றி அளவுதான்.

இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையிலிருந்து வந்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, நீ மூணு வருசமா விருந்து வச்சது மாப்பிள்ளைக்கு இல்ல, மாப்பிள்ளையத் தூக்கிட்டு வந்தவனுக்கு!"

கடையில் விற்கும் ரோசாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். காட்டுத்தனமாக வளரும் ஒரு அடிச்செடியின் தண்டில், நமக்கு வேண்டிய ரோசாவின் ஒரு கண்ணை, அதாவது துளிர் வரும் முளையை, வைத்துக் கட்டியிருப்பார்கள். மேலே உள்ளது செத்தாலும் கீழே உள்ளது சாகாது. ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழே இருந்து ஒரு கிளை வந்தால் அது அடிச்செடியின் கிளை. என்னுடையதில் அடையாளம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. வாங்கிய கிளையில் ஒரு காம்புக்கு ஐந்து சிற்றிலை. புதிதாக வந்த கிளையில் ஏழு, ஒன்பது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கிழிந்து கிழிந்து ஒரு ஓரம். இப்படி ஒரு கிளை வந்தால் கத்தரியால் வெட்டக்கூடாது. வெட்டினால் ஒன்று நான்காக வரும். மண்ணை விலக்கி, அது முளைத்த இடம் வரை போய், பிடித்துக் கிழித்து எடுக்க வேண்டும்.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா கேட்ட கேள்வியில்தான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது. "நம்ம வாசல்லயே அப்பா நட்ட பங்களா ரோசா இருக்கு. அத விட்டுட்டு நீ எதுக்கு கடைக்குப் போன?"

அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் 22 வருடம் பூந்தோட்ட வேலை பார்த்தவர். துரைமார் வந்தார்கள், போனார்கள். அப்பாவும் அந்த ரோசாப் பாத்தியும் அங்கேயே இருந்தார்கள். பங்களா கைமாறி, உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக்க ஆட்கள் வந்தபோது முன்வாசல் பாத்தியை ஒரே நாளில் மம்மட்டி போட்டுக் கொத்திப் புரட்டிவிட்டார்கள். அன்று மாலை அப்பா நனைந்த சாக்கில் ஐந்தாறு குச்சியைச் சுற்றிக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தார். ஒன்றுதான் பிழைத்தது. உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்று, சட்டை பாவாடை எல்லாவற்றையும் முள்ளால் கிழித்துக்கொண்டு, வருடம் முழுக்கப் பூத்தது. லயத்தில் அதற்குப் பெயர் பங்களா ரோசா. வேறு பெயர் யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது. கலியாணம் முடித்து நான் வெலிமடைப் பக்கம் வந்துவிட்டேன். அக்கா கொடுத்த குச்சியை இங்கே நட்ட பிறகு, இதை எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று தெரியவில்லை. வருடத்துக்கு ஒரே முறை பழைய கிளையில் பூக்கும் ரோசாக்கள் உண்டு. அவற்றைப் பூப்பதற்கு முன்னால் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. புதுக் கிளையில் திரும்பத் திரும்பப் பூப்பவை உண்டு. அவற்றை வெட்டாமல் விட்டால் குச்சி குச்சியாக நீண்டு உச்சியில் மட்டும் பூக்கும். பெயர் தெரிவதென்றால் இதுதான். செடியின் குணம் தெரிவது.

ஆரம்பத்தில் நான் செய்த பிழை நிறத்தை நம்பியது. வாசமுள்ள இளஞ்சிவப்பு ரோசா என்று தேடினால் நூற்றுக்கணக்கில் படம் வரும், எல்லாமே நம் வீட்டுப் பூ மாதிரியே இருக்கும். நிறம் குளிருக்கும் வெயிலுக்கும் மாறும். அக்கா வீட்டில் மழைக்காலத்தில் கடும் ரோஸாகப் பூக்கிற அதே செடி, ஓகஸ்ட் மாதத்து வெலிமடை வெயிலில் வெளிறித் தெரியும். ஒரே குச்சியின் இரண்டு பிள்ளைகள் அவை.

ஆனால் நிறம் மாறும் விதத்தைக் கவனித்தால் ஒரு துப்பு கிடைக்கும். சீனத்திலிருந்து வந்த பழைய ரோசாக்கள் வெயில் பட்டால் கறுக்கும். காலையில் வெளிர் ரோஸாக விரிந்த பூ மறுநாள் கூடச் சிவந்திருக்கும். ஐரோப்பியப் பழைய ரோசாக்கள் நேர்மாறாக வெளுக்கும். மலைநாட்டுப் பழைய வாசல்களில் 'ஓல்ட் பிளஷ்' என்ற சீன ரோசா மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முள் மிகக் குறைவு, இதழ் தளர்வு, பட்டாணிப் பூ மாதிரி ஒரு மெல்லிய வாசம், வருடம் முழுக்க ஓயாமல் பூக்கும். எங்களுடையது வெளுக்கும், முள்ளோ சட்டை கிழிக்கும் முள். ஆக அது ஓல்ட் பிளஷ் இல்லை.

அடுத்தது வாசம். இதற்கு நேரம் முக்கியம். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் நின்று மோந்து பார்த்துவிட்டு வாசமில்லை என்று சொல்வது அந்தச் செடிக்குச் செய்யும் அநியாயம். அத்தருக்குப் பூப் பறிப்பவர்கள் விடியற்காலையில் பறிப்பது சும்மா இல்லை, வெயில் ஏற ஏற எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மிகக் குளிரிலும் வாசம் எழும்பாது. நான் செய்வது இதுதான்: பாதி விரிந்த பூவைப் பனி காய்ந்ததும் பறித்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மேலே கோப்பைத் தட்டால் மூடி, அடுப்படியில் கால் மணி நேரம் வைப்பேன். பிறகு தட்டைத் தூக்கி ஒரே மூச்சு. பன்னீர் வாசம் என்றால் அது 'டமாஸ்க்' என்ற பழைய ரோசாக் குலத்தின் வழி. பழ வாசம், எலுமிச்சை வாசம் என்றால் பெரும்பாலும் புதிய கலப்பு. காய்ந்த தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தால் 'டீ ரோஸ்' வழி. இந்த டீ ரோஸ் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்கள் இது ஏதோ தேயிலைச் செடியோடு ஒட்டுப் போட்டது என்று நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசத்தால் வந்த பெயர். இதில் இன்னொரு வேடிக்கை, ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டமாக லூல்கந்துரையில் 19 ஏக்கர் போட்ட 1867ஆம் வருடம்தான் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற வெள்ளி கலந்த இளஞ்சிவப்பு ரோசா வெளியானது. டீ ரோஸ் கலந்த புதிய குலமான 'ஹைபிரிட் டீ'யில் முதலாவது என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதுவும் நல்ல வாசமுள்ளது.

வாசம் அவ்வளவாக இல்லாத இளஞ்சிவப்பும் உண்டு. மலைநாட்டு வாசல்களில் ஆளை விட உயரமாக, கையகலப் பூவோடு நிற்கும் ஒன்றைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். அது 'குயின் எலிசபெத்' என்று இப்போது நினைக்கிறேன். அமெரிக்காவில் 1954இல் வந்தது. அதே வருடம் ஏப்ரலில் அந்த ராணி இலங்கைக்கும் வந்து போனார். பூ அழகு, செடி எருமை மாதிரி பலம். மோந்து பார்த்தால் பச்சைத் தண்ணி. குச்சி கேட்டு வாங்குவதற்கு முன் மோந்து பாருங்கள்.

வாசத்துக்கு அப்புறம் பூவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது அப்பா. சின்ன வயதில் நான் பூவின் முகத்தைப் பார்த்து இது அது என்று சொல்லும்போது அவர் சொல்வார், "மூஞ்சி எல்லாத்துக்கும் ஒண்ணுதான் புள்ள. கழுத்தப் பாரு." அவர் கழுத்து என்றது பூவுக்கு அடியில் உள்ள காம்பை. எங்கள் பங்களா ரோசாவின் கழுத்தை விரலால் உருட்டினால் பிசுபிசுப்பு ஒட்டும். சின்னச் சின்ன ரோமத்தின் நுனியில் பிசின் மாதிரி ஒன்று இருக்கிறது. அந்தக் கழுத்துக்கு மேலே ஐந்து பச்சைப் புல்லி இதழ். மொட்டாக இருக்கும்போது அவற்றின் நுனி மொட்டையும் தாண்டிச் சின்ன இலை மாதிரி நீண்டிருக்கும். சீன ரோசாவில் இப்படி நீளாது, குட்டையாக, ஓரம் சுத்தமாக இருக்கும்.

அந்த ஐந்திலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டுக்கு இரு பக்க ஓரமும் தாடி மாதிரி இழைகள், இரண்டுக்கு ஒரு தாடியும் இல்லை, மீதி ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. ஐரோப்பாவில் இதை ஐந்து அண்ணன் தம்பிகள் என்று பழைய விடுகதையாகவே வைத்திருக்கிறார்கள். மொட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும்போது, வெளியே தெரியும் ஓரத்தில் மட்டும் தாடி முளைக்கிறது, உள்ளே மறைந்த ஓரத்தில் முளைப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பூவைக் கொடுத்து இதை எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது.

சரி, கூட்டிப் பார்த்தேன். பன்னீர் வாசம், பிசுபிசுத்த கழுத்து, நீண்ட புல்லி: இதெல்லாம் டமாஸ்க் பக்கத்துச் சொத்து. ஆனால் கோடை டமாஸ்க் வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும், அதற்கும் நல்ல குளிர்காலம் வேண்டும். எங்களுடையது மாதா மாதம் பூக்கிறது. முள்ளின் கொக்கி மாதிரி வளைவும், ஓயாமல் பூக்கும் பழக்கமும் சீனத்துப் பக்கத்துச் சொத்து. இரண்டும் கலந்த ஒன்றைத் தேடினால் நேராக ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இந்து சமுத்திரத்தில் இன்றைக்கு ரீயூனியன் என்கிற தீவு, அப்போது பூர்போன் தீவு. பிரெஞ்சுக்காரருடையது. அங்கே காணிக்கு வேலியாக ஓல்ட் பிளஷையும், இலையுதிர்காலத்திலும் இன்னொரு முறை பூக்கும் டமாஸ்கையும் சேர்த்து நடுவார்கள். அந்த வேலியில் தானாகவே கலந்து முளைத்த ஒரு செடி 1817 வாக்கில் கண்ணில் பட்டது. அதுதான் எட்வர்ட் ரோசா. அதன் விதை பாரிசுக்குப் போய், பூர்போன் ரோசாக்கள் என்று ஒரு குலமே உருவானது. இந்தியாவுக்கும் போனது. தமிழ்நாட்டில் மாலைக்கும் குல்கந்துக்கும் பறிக்கிற பன்னீர் ரோஜா என்பது இதுதான். அந்தத் தீவுக்கும் நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் என்பதை நினைத்தால், எனக்கு அந்தச் செடியைச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் பார்க்கத் தோன்றுகிறது.

படங்களோடும் வர்ணனைகளோடும் ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, பங்களா ரோசா எட்வர்ட்தான், அல்லது அதன் நெருங்கிய பிள்ளை என்ற முடிவுக்கு வந்தேன். இன்னொரு கணிப்பும் எனக்கு உண்டு. இந்தியாவில் எட்வர்ட் ரோசாவை அடிச்செடியாகவும் வைப்பார்கள். எந்தத் துரைசாணியோ ஆசைப்பட்டு வாங்கிய பெரிய இடத்து ரோசா ஒன்று மேலே இருந்து, நம் மழைக்குத் தாங்காமல் செத்துப்போய், அதைச் சுமந்த அடிச்செடி கிளம்பிப் பூத்திருக்கலாம். நான் வெள்ளைப் பூவைப் பார்த்து முகம் சுளித்தேன். பங்களாவில் யாரோ ரோஸ் பூவைப் பார்த்து, இதுவே போதும் என்று விட்டிருக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்மளும் பல்லக்குத் தூக்கினவனத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கோமா?" என்றாள்.

இனி வளர்க்கும் கதை. குச்சியை வேர் பிடிக்க வைப்பதில் நான் தோற்ற கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் வருடம் பன்னிரண்டு குச்சி, ஒன்றுகூட வரவில்லை. நல்ல இளங்கிளையாகப் பார்த்து வெட்டினேன், எரு கலந்த மண்ணில் நட்டேன், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன், நாலாம் நாள் இழுத்துப் பார்த்தேன் வேர் வந்துவிட்டதா என்று. செய்யக்கூடாததெல்லாம் ஒரே மூச்சில்.

அக்கா தோட்டத்தில் வீ.பீ. தேயிலை, அதாவது விதையில்லாமல் குச்சியிலிருந்து வளர்க்கும் தேயிலை, நாற்றுமேடையில் பல வருடம் வேலை செய்தவள். ஒரு இலை, ஒரு கணு, சாய்வாக ஒரு வெட்டு, பொலித்தீன் பையில் ஊன்றி, தண்ணீர் தெளித்து, பொலித்தீன் கூடாரத்தால் காற்றுப் புகாமல் மூடி வாரக்கணக்கில் விடும் வேலை. ஆயிரம் ஆயிரமாக வைத்த கை. என் குச்சிகளைப் பார்த்து அவள் சொன்ன குறைகளை அப்படியே தருகிறேன், இன்றுவரை இதைத்தான் செய்கிறேன்.

குச்சி பென்சில் தடிப்பில், இப்போதுதான் பூத்து இதழ் கொட்டி ஒரு வாரமான கிளையில் எடுக்க வேண்டும். இளங்கிளை அழுகும், முற்றிய கட்டை அசையாது. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் பட்டென்று முறிந்தால் அந்தக் கிளை சரியான பருவம். மூன்று நான்கு கணு நீளம். அடி வெட்டு ஒரு கணுவுக்கு நேர் கீழே, ஏனென்றால் வேர் அங்கேதான் சுலபமாக வரும். மேலே ஒரு இலை மட்டும், அதிலும் இரண்டு சிற்றிலையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். மண் பாதி, ஆற்று மணல் பாதி. எரு கூடவே கூடாது. வேரில்லாதவனுக்கு விருந்து வைத்தால் அழுகல்தான் வரும். பிறகு மூடி. நான் பெரிய தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து விடுகிறேன். யோகட் கோப்பையில் நட்டு ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் நான்கைந்தை வைத்துக் கட்டினாலும் சரி. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. உள்பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

அப்புறம் பொறுமை. நம் குளிரில் வேர் வர ஆறு வாரம், சில நேரம் எட்டு. துளிர் வந்தவுடன் ஏமாறாதீர்கள், குச்சி தன்னுள் இருக்கும் சேமிப்பை வைத்தே துளிர்க்கும், வேர் இருக்காது. துளிர்த்த இலை விரிந்து முற்றி, இரண்டாவது துளிர் கிளம்பினால்தான் வேர் பிடித்தது என்று அர்த்தம். மூடியை ஒரேயடியாக எடுக்காமல், முதல் வாரம் போத்தல் மூடியை மட்டும் திறந்து, அடுத்த வாரம் பகலில் எடுத்து இரவில் கவிழ்த்து, அப்படிப் பழக்க வேண்டும். சில குச்சி அவசரப்பட்டு மொட்டு வைக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். இரண்டாம் வருடம் பன்னிரண்டில் எட்டு வந்தது. பெரிய பூப் பூக்கும் புதிய வகைகளில் இதே முறையில் பன்னிரண்டில் இரண்டு வந்தால் அதிர்ஷ்டம். பூர்போன் குலம் குச்சியில் சுலபமாக வரும். சொந்த வேரில் நிற்பதால் அடிச்செடித் தொல்லையும் இல்லை.

கவ்வாத்து விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு வருடம் பெரிய சண்டையே வந்தது, இருவரும் சரி என்பது பிறகுதான் புரிந்தது. அவள் இருப்பது மலையின் மேற்குப் பக்கம். மே கடைசியில் பிடிக்கும் தென்மேற்கு மழை செப்டெம்பர் வரை விடாது. நான் இருப்பது ஊவாப் பக்கம். அவள் வீட்டில் சட்டை காயாத யூலை, ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்று அடித்து மண் வெடிக்கும். எங்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி தை வரை. இரண்டு வீட்டுக்கும் பஸ்ஸில் சில மணி நேரம்தான், காலமோ நேர் எதிர். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ரோசாவை வெட்டினால் நம் மலையில் ஏழெட்டு வாரத்தில் பூக்கும். ஆகவே பூக்கும் வாரம் மழையில்லாத வாரமாக இருக்கும்படி பின்னோக்கி எண்ணி வெட்ட வேண்டும். இருவருக்கும் பொதுவாக நல்லது பெப்ரவரி முதல் வாரம். சித்திரை வருடப் பிறப்புக்குப் பூ இருக்கும். நுவரெலியா மாதிரி 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், தை மாசியில் விழும் உறைபனி இளந்துளிரைச் சுட்டுக் கறுக்க வைத்துவிடும். இரண்டாவது வெட்டில்தான் வழி பிரிகிறது. நான் யூன் தொடக்கத்தில் வெட்டுகிறேன். மழையில்லாத காய்ந்த காலத்தில், தண்ணீர் மட்டும் அடியில் ஊற்றிவந்தால், கறையில்லாத பூ. அக்கா யூனில் வெட்டினால் வந்த மொட்டெல்லாம் மழையில் நனைந்து, விரியாமல், பழுப்பு உருண்டையாக அழுகும். அவள் ஒக்டோபரில் வெட்டுகிறாள், கிறிஸ்மசுக்குப் பூக்கிறது.

எவ்வளவு வெட்டுவது? தேயிலைக் கவ்வாத்துப் பார்த்த கண்ணுக்கு எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் சீவிவிடத் தோன்றும். என் கணவர் ஒரு முறை ஆசையாக அப்படிச் செய்து கொடுத்தார், பார்ப்பதற்குப் பக்கத்து மலையில் நிற்கும் தேயிலைச் செடி மாதிரியே இருந்தது. இந்த ரோசாவுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். காய்ந்தது, குறுக்கே போவது, பென்சிலை விட மெலிந்தது எல்லாம் போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு கால் அங்குலம் மேலே, தண்ணீர் கண்ணின் எதிர்ப்பக்கம் வழியும்படி சாய்வாக. நீண்ட கிளை ஒன்றை வெட்டாமல் வளைத்துக் கம்பியில் படுக்க வைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு மொட்டு வரும். முதல் முறை பார்த்தபோது எண்ணினேன், ஒரே கிளையில் பதினேழு.

மண்ணைப் பற்றி ஒன்று. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், அமில காரக் கணக்கில் 4.5 முதல் 5.5. ரோசாவுக்கு ஆறு, ஆறரை வேண்டும். தோட்டத்து மண்ணில் அப்படியே நட்டால் செடி மஞ்சளடித்து நிற்கும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே குழி மண்ணில் இரண்டு கைப்பிடி டொலமைட் கலந்து வைத்துவிடுங்கள். தோட்டங்களில் கவ்வாத்துக்குப் பிறகு தேயிலைக்குப் போடுவார்களே, அதே வெள்ளைத் தூள்தான். ஆனால் தேயிலைக்குப் போடும் உரத்தை மட்டும் ரோசாவுக்குப் போடாதீர்கள். அது இலைக்கான உரம். நான் போட்டேன். கொழுந்து பறிக்கலாம் போல இலை வந்தது, பூ வரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது உருளைக்கிழங்குக் காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்த வருடம்தான் நான் ஒழுங்காகக் கூட்டெரு செய்யப் பழகினேன். மாட்டெரு, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, கொஞ்சம் அடுப்புச் சாம்பல். நவம்பரில் தடையை எடுத்த பிறகும் என் ரோசாக்கள் பழைய உரத்துக்குத் திரும்பவில்லை. கோழி எரு என்றால் மூன்று மாதமாவது மக்கியிருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

நோயில் நம் ஊருக்கு முதல் எதிரி கரும்புள்ளி. இலை ஏழு மணி நேரம் ஈரமாக நின்றால் அந்தப் பூஞ்சணத்துக்குப் போதும், நம் மூடுபனியில் அது தினமும் கிடைக்கும். எட்வர்டும் இதற்குத் தப்பாது, ஆனால் இலை கொட்டிய பிறகும் சாகாமல் திரும்பத் துளிர்க்கும். விழுந்த இலையைப் பொறுக்கி எரிப்பது, செடிக்குச் செடி மூன்று அடி விடுவது, தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுவது, நடுக்கிளைகளைக் குறைத்துக் காற்று புக விடுவது: மருந்தடிப்பதை விட இவைதான் எனக்கு உதவின. பக்கத்துத் தோட்டங்களில் உருளைக்கிழங்குக்கு அடிக்கும் மங்கோசெப் என்ற பூஞ்சண மருந்து கரும்புள்ளியையும் தடுக்கும், வந்த புள்ளியை மாற்றாது. பூவை கோயிலுக்கும் தலைக்கும் வாய்க்கும் கொண்டுபோகும் வீட்டில் நான் அதை அடிப்பதில்லை.

ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்தப் பூ நிற்காது. காலையில் பறித்துத் தண்ணீரில் வைத்தால் மறுநாள் மேசை முழுக்க இதழ். கலியாண மேடைக்கு, பூச்சாடிக்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை, கடைப் பூவை வாங்கச் சொல்வேன். உதிரியாக வேண்டும் என்பவர்களுக்கு இதை விட்டால் வேறில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு தட்டு உதிரிப் பூ கொண்டுபோனால் மூலஸ்தானம் வரை மணக்கும். இதழை வெந்நீரில் போட்டு மூடிவைத்தாலே அரைப் பன்னீராகிவிடும், ஏனென்றால் ரோசா வாசத்தின் ஒரு பங்கு தண்ணீரில் கரையக்கூடியது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா "ரோஸ மல" என்று கேட்டு வாங்கிப் போய் கண்ணில் வைத்துக்கொள்வார். நான் முகத்துக்கு வைப்பதோடு சரி.

இப்போது சமையலறை ஜன்னலடியில் ஆறு யோகட் கோப்பை. நான்கில் இரண்டாவது துளிர் வந்துவிட்டது, ஒன்று முதல் துளிரோடு யோசித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்று அடியிலிருந்து கறுத்துவிட்டது. அக்கா லயத்து வாசல் செடி இந்த வருடம் மண்சரிவுக்குக் கல் கட்டும்போது அடிபட்டுப் போனது. அவளுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கொண்டுபோக இந்த முறை சாக்கு வேண்டாம், பிஸ்கட் டின்னில் வைத்து மூடிக் கொடு என்று சொல்லியிருக்கிறாள்.